கடை காலியானால் கட்டடமும் காணாமல் போவதா?

ஆசிரியருக்கு,

கீழே மருந்துக்கடை, முதல் மாடியில் பல் மருத்துவர், அதற்கு மேல் இரண்டு தளங்களிலும் குடித்தனம். நம் கடைத்தெருக் கட்டடங்கள் பலவும் இப்படித்தான். இவற்றை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடத்தில் சேர்க்கும் தன்னார்வலர்கள் சிலர், கட்டடத்தின் வெளிக்கோட்டின் மேலேயே 'மருந்துக்கடை' என்ற குறிச்சொல்லையும் கடைப் பெயரையும் ஏற்றிவிடுகிறார்கள். கடை இடம் மாறியதும் அடுத்து வருபவர் அந்த உருவத்தையே அழிக்கிறார். மாடி வீடுகளும் சேர்ந்து போய்விடுகின்றன.

வெளிக்கோடு சுவருக்கு உரியது. அதில் கட்டட வகை, கதவு எண், தெருப் பெயர், தளங்களின் எண்ணிக்கை இருந்தால் போதும். வகை என்பது எப்படிப்பட்ட கட்டடமாகக் கட்டினார்கள் என்பது. இன்று உள்ளே என்ன நடக்கிறது என்பதல்ல. குடியிருப்பாகக் கட்டியதன் கீழ்த்தளத்தில் கடை வந்தாலும் அது 'அபார்ட்மென்ட்ஸ்'தான். பார்த்துத் தெரியவில்லையா, 'கட்டடம்' என்று மட்டும் சொல்லும் 'யெஸ்' என்று விடுங்கள். ஊகத்துக்கு அது எவ்வளவோ மேல். கடைக்கும் கிளினிக்குக்கும் கோட்டுக்குள் தனித்தனிப் புள்ளி வேண்டும். ஒரே புள்ளியில் அரைப்புள்ளி போட்டு மூன்று தொழிலை அடுக்கினால் பல செயலிகள் எதையும் காட்டாது.

அதிகம் சறுக்குவது மாடிக் கணக்கில். கடை எந்தத் தளத்தில் என்று சொல்லும் 'லெவல்' என்பதில் தரைத்தளம் 0, முதல் மாடி 1, நிலவறை -1. கட்டடத்தின் தள எண்ணிக்கையைச் சொல்லும் 'பில்டிங் லெவல்ஸ்' என்பதோ தரைத்தளத்தையும் சேர்த்து எண்ணும். ஆக, மேலே சொன்ன, தரைத்தளமும் மூன்று மாடியும் கொண்ட 'ஜி பிளஸ் 3' கட்டடத்துக்கு 4. பல் மருத்துவருக்கு 'லெவல்' 1. தரையை 1 என்று எண்ணிப் பழகியவர்கள் அவரை இரண்டாம் மாடிக்கு ஏற்றிவிடுகிறார்கள்.

மாடிப்படி வாசலைப் பலர் குறிப்பதே இல்லை. பெரும்பாலும் அது கடை முகப்பில் இருக்காது. பக்கத்து முடுக்கில், ஷட்டருக்கும் மின் மீட்டர் பெட்டிக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் இடைவெளியாக இருக்கும். அங்கே வெளிக்கோட்டின் மீதே ஒரு புள்ளி வைத்து 'என்ட்ரன்ஸ்' குறிச்சொல்லுக்கு 'ஸ்டேர்கேஸ்' எனக் கொடுங்கள். முடுக்கையும் நடைபாதையாக வரைந்து அந்தப் புள்ளியில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் வழிகாட்டும் செயலி, ஆம்புலன்ஸையும் மூடிய ஷட்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும்.

குடியிருப்பவர் பெயர், வாசல் பலகையில் இருந்தாலும், வரைபடத்தில் ஏறக் கூடாது.

ஏற்கெனவே தவறாகப் பதிந்த கட்டடத்தை அழித்துவிட்டு வரைய வேண்டாம். பழைய திருத்த வரலாறு அறுந்துபோகும். இந்த வரைபடத்தை உலாவியிலேயே திருத்தும் ஐடி எடிட்டரில் 'எக்ஸ்ட்ராக்ட்' கொடுத்தால் கடைக் குறிச்சொற்கள் தனிப் புள்ளியாகப் பிரிந்து வரும், கட்டடக் கோடு அப்படியே நிற்கும். பிறகு அந்தப் புள்ளிக்கு 'லெவல்' எண்ணைச் சேர்த்தால் வேலை முடிந்தது.

— வரைபடத் தன்னார்வலர்கள், மதுரை