தூக்குக்குண்டும் ஒரு சொல்லும்

அன்புள்ள சேகர்,

மூட்டு வலி குறைந்து மறுபடி தேயிலைச் சரிவில் நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் நலம். மழையில் சாய்ந்துபோன பின்பக்கச் சுவரை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறோம். நானும் பேத்தியும் பொழுதெல்லாம் கொத்தனார் பக்கத்திலேயே இருக்கிறோம்.

நாலு வரி ஏறியதும், சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க, நூலில் தொங்கும் தூக்குக்குண்டை அவர் எடுப்பார். கட்டையைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து நூலை மெல்ல விடுவார். குண்டு ஆடி அடங்கும்வரை ஒரு பேச்சு கிடையாது. குண்டு சுவரை உரசியும் உரசாமலும் நின்றால் சுவர் செங்குத்து, சரி. இல்லையென்றால் கரண்டிக் காம்பால் கல்லை ஒரு தட்டு.

பேத்தி கேட்டாள்: "செங்கல் சிவப்பு. அப்போ செங்குத்தும் சிவப்பா தாத்தா?"

எவ்வளவு நல்ல கேள்வி! செம்மைக்கு நிறமும் உண்டு, வளையாமையும் உண்டு. செங்கல்லில் இருப்பது நிறம். செங்கோலில் இருப்பது வளையாமை. அது வளைந்தால் கொடுங்கோல். குறளில் 55ஆம் அதிகாரம் செங்கோன்மை, அடுத்தது கொடுங்கோன்மை. செங்கோணம், செங்குத்து எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். குத்து என்றால் நட்டமாக நிற்பது. குத்துவிளக்கு, குத்துக்கல், குத்துக்காலிட்டு உட்கார்வது என்று வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது.

ஆனால் அவளுடைய உண்மையான குழப்பம் வேறு. கொடிக்கம்பம் நிற்பதையும் செங்குத்து என்கிறோம், ஒரு கோட்டை 90 பாகையில் சந்திக்கும் கோட்டையும் செங்குத்து என்கிறோம். சமதரையில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை. பலகை ஒன்றைச் சாய்த்து வைத்து, 90 பாகை பார்க்கும் கொத்தனாரின் மூலைமட்டத்தை அதன்மேல் நிறுத்தினேன். அவள் சாவிக்கொத்தை நூலில் கட்டிப் பக்கத்தில் தொங்கவிட்டாள். மூலைமட்டத்தின் கை ஒரு பக்கம் சாய்ந்து நிற்க, நூல் தன்பாட்டுக்குப் பூமியைப் பார்த்து இறங்கியது. "ரெண்டும் வேற தாத்தா!" என்று கத்தினாள்.

உன் குன்னூர்ச் சரிவில் நிற்கும் சில்வர் ஓக் மரங்களை நினைத்துக்கொண்டேன். சரிவு எப்படிச் சாய்ந்தாலும் மரம் நூல் பிடித்தாற்போல் வானத்துக்குத்தான் போகிறது. சரிவுக்கு அது செங்குத்தில்லை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் குண்டு நூல் தொங்கும் திசையை நிலைக்குத்து என்பார்கள், 90 பாகையைச் செங்குத்து என்பார்கள். நாமும் அப்படிப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு எவ்வளவு தெளிவாக இருக்கும்! பேச்சில் 'மலை செங்குத்தாக ஏறுகிறது' என்பது இருக்கட்டும். அங்கே கடும் ஏற்றம் என்றுதான் பொருள், யாரும் பாகை பார்ப்பதில்லை.

அப்புறம், ஒரு வேலை. உங்கள் பக்கம் கொழுந்து பறிப்பவர்கள் அந்த மாதிரிச் சரிவை என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுது. பேத்தி நோட்டில் ஒரு பக்கம் காலியாக விட்டுக் காத்திருக்கிறாள்.

அன்புடன்,
ராமு