ரோடு அடைபட்ட பிறகு ஊரில் இருப்பது யார்? நீலகிரி மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவரான மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், ஆணையத்தின் மற்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். குன்னூர் வட்டத்தில் கொஞ்சம் தேயிலை வைத்து அதில் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. மழைக்காலம் வந்தால் மேலே இருக்கும் சரிவைப் பார்த்துவிட்டுத்தான் இரவு படுக்கப் போகிறோம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஆண்டும் மழைக்கு முன்னால் மாவட்ட நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிடுகிறது. அபாயகரமானவை என்று கண்டறியப்பட்ட 283 இடங்கள், அவற்றைக் கவனிக்க 42 மண்டலக் குழுக்கள், 456 நிவாரண முகாம்கள், ஆபத்து வந்தால் முதலில் உதவ ஊர்களில் முதல்நிலைப் பொறுப்பாளர்கள், அழைக்க 1077. இந்தக் கணக்கு பல ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. 2009 நவம்பரில் மழையிலும் நிலச்சரிவிலும் சில நாட்களுக்குள் 40-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் இது. அப்போது மண் சரிந்த கேத்தி பக்கத்து அச்சனக்கல் என்ற பெயரைக் கேட்டால் எங்கள் பக்கத்தில் இன்றும் பேச்சு நின்றுவிடும். அதற்குப் பிறகு இவ்வளவு ஏற்பாடு வந்திருப்பதற்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். குறை சொல்ல இந்த மடல் இல்லை. இந்த ஏற்பாடு மண்டலத்தோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு ஹட்டிக்கும் (படுகர் ஊர்), எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் ஒவ்வொரு லயனுக்கும், ஒவ்வொரு பழங்குடி கிராமத்துக்கும் இறங்கி வர வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

காரணம் எங்கள் ரோடுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற குன்னூர் வழி ஒன்று, கோத்தகிரி வழி ஒன்று. இரண்டும் அடைபட்டால் மஞ்சூர் - முள்ளி வழியாகச் சுற்ற வேண்டும், அல்லது மைசூர் பக்கம் போய் கூடலூர் வழியாக வர வேண்டும். ரெட் அலர்ட் என்றால் அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படையை முன்கூட்டியே வரவழைத்து மலையில் தங்க வைக்கிறீர்கள். மிக நல்ல முடிவு. ஆனால் அவர்கள் உதகையில் இருக்கிறார்கள், மண் சரிவது எடக்காட்டில் என்றால், நடுவில் ஒரு கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ரோட்டில் சாய்ந்தாலே போதும், அந்தப் படை வண்டியிலேயே உட்கார்ந்திருக்கும். 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. மின்சாரமும் போனும் போய், ரோடும் துண்டான நிலையில், அந்தப் பக்கத்து மக்களுக்கு அன்றிரவு இருந்த ஒரே அரசு அவர்களுடைய அக்கம்பக்கத்தார்தான்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இதேதான் நடந்தது. 2024 ஜூலை 30 விடியற்காலையில் வயநாட்டு முண்டக்கையும் சூரல்மலையும் புதைந்தபோது, இரண்டுக்கும் நடுவில் இருந்த பாலம் போய்விட்டது. ராணுவம் பெய்லி பாலம் என்ற தற்காலிக இரும்புப் பாலத்தைக் கட்டி முடித்தது ஆகஸ்ட் 1 மாலையில். முதலில் அக்கரையில் கிடந்தவர்களிடம் போய்ச் சேரப் பெரும்பாலும் கயிறுதான் வழி. நம் கூடலூரைச் சேர்ந்த செவிலியர் ஒருவர் ஆற்றுக்கு மேலே கட்டிய கயிற்றில் தொங்கிக்கொண்டே அக்கரை போய் காயம்பட்டவர்களுக்கு மருந்து போட்டார். தமிழ்நாடு அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அந்தத் துணிச்சலுக்குத் தலை வணங்குகிறேன். அதே நேரம், அக்கரையிலேயே முதலுதவி தெரிந்த நாலு பேர் பெட்டியோடு தயாராக இருந்தால் என்ன என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஆட்களால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு நஞ்சப்பசத்திரத்தைக் காட்டுகிறேன். 2021 டிசம்பர் 8, மதிய நேரம், நல்ல பனிமூட்டம். முப்படைத் தளபதி பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் மரத்தில் மோதி எரிகிறது. தீயணைப்பு வண்டி இறங்க அங்கே வழி கிடையாது. கூலி வேலைக்குப் போகும் அந்தக் குடியிருப்பு மக்கள்தான் வீட்டில் இருந்த குடத்திலும் பக்கெட்டிலும் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். எரியும் எரிபொருள் எப்போது வெடிக்கும் என்று தெரியாத நெருப்பு அது. காயம்பட்டவர்களை மேட்டுக்குத் தூக்கிவர ஸ்ட்ரெச்சர் இல்லாததால் வீட்டுக் கம்பளிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், குளிர்காலத்துக்கு அவர்களிடம் இருந்த கம்பளிகள். ராணுவம் பிறகு வந்து நன்றி சொல்லி, அந்த ஊரை ஓராண்டுக்குத் தத்தெடுத்தது. அவர்களில் ஒருவருக்கும் யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. பயிற்சியும் ஒரு நல்ல கயிறும் கையுறையும் ஸ்ட்ரெச்சரும் இருந்தால் அதே மக்கள் இன்னும் எவ்வளவு செய்வார்கள்!

இப்போது மண்டலக் குழுவுக்கு வருகிறேன். வருவாய், காவல், நெடுஞ்சாலை, தீயணைப்பு, மின்வாரியம், உள்ளாட்சி என்று எல்லாத் துறையும் சேர்ந்த குழு அது. ஜேசிபி வேண்டுமா, பவர் சா வேண்டுமா, லாரி வேண்டுமா, அவர்களால்தான் முடியும். அவர்கள் அவசியம் வேண்டும். ஆனால் அலுவலர்கள் இடமாறுதலில் வருவார்கள், போவார்கள். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறார், இருட்டில் முகாமாக இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போக எது குறுக்குப் பாதை என்பது அந்த ஊரில் குடியிருப்பவருக்குத்தான் தெரியும். மண்டலக் குழுவுக்குக் கீழே, 283 இடங்களில் ஒவ்வொன்றுக்கும், அங்கேயே வசிக்கும் பத்துப் பன்னிரண்டு பேரைக் கொண்ட ஊர்க்குழு ஒன்று வேண்டும். முதல்நிலைப் பொறுப்பாளர்கள் ஏற்கெனவே இருக்கிறார்களே என்று நீங்கள் சொல்லலாம். பெயர்ப்பட்டியல் இருக்கிறது, சரி. அந்தப் பட்டியலில் உள்ள இளைஞர்களில் எத்தனை பேர் இன்று ஊரில் இருக்கிறார்கள் என்று ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள். தேயிலை விலை விழுந்ததிலிருந்து எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் வேலை செய்கிறார்கள். பகல் நேரத்தில் ஊரில் இருப்பது பெண்களும் பெரியவர்களும்தான். ஊர்க்குழுவில் பாதிக்கு மேல் பெண்கள் இருக்க வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஏற்கெனவே மாதம் தவறாமல் கூடுகின்றன. அங்கிருந்து தொடங்கலாம்.

வேட்டைத் தடுப்புக் காவலர்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்களில் பெரும்பாலோர் பழங்குடியினர், காட்டுப் பாதை அத்துப்படி. கூடலூர், பந்தலூர் பக்கம் இரவு மீட்புக்குப் போகிறவர்களுக்கு மழை மட்டும் பிரச்சினை இல்லை, யானையும் உண்டு. எந்தக் கூட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்த ஒருவர் முன்னால் நடக்காமல் அங்கே யாரும் நடக்க முடியாது.

ஒரே பட்டியல் மாவட்டம் முழுவதற்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு இரண்டு மழை. ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை தேவாலா, பந்தலூர், கூடலூர், குந்தா பக்கம் அடிக்கும். அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் பிடிக்கும். நடுவில் கோடையில் காட்டுத் தீ. 2024 மார்ச்சில் குன்னூர் பக்கம் எரிந்த தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டரே வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டியிருந்தது. அப்புறம் விபத்துகள். 2023 செப்டம்பர் 30 இரவு மரப்பாலம் அருகே சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் உருண்டு 9 பேர் போனார்களே, அந்த மாதிரி நேரத்தில் தேவைப்படுவது கயிறு கட்டி இறங்கத் தெரிந்த ஆட்கள். ஒவ்வொரு ஊர்க்குழுவுக்கும் அதனதன் ஆபத்துக்கு ஏற்ற பயிற்சியும், அந்த மழை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னால் ஒத்திகையும் வேண்டும்.

எல்லாவற்றிலும் நான் முக்கியமாகக் கேட்பது அதிகாரம். இந்திய புவியியல் ஆய்வு மையம் 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையத்தைத் தொடங்கியபோது, முதலில் அறிக்கை அனுப்பத் தேர்ந்தெடுத்த மாவட்டங்கள் டார்ஜிலிங், கலிம்போங், நீலகிரி ஆகிய மூன்றுதான். அவ்வளவு பெரிய வசதி நம் கையில் இருக்கிறது. ஆனால் அந்த முன்னறிவிப்பு வட்ட அளவில் எச்சரிக்கும், என் வீட்டுக்கு மேலே இருக்கும் சரிவைப் பற்றிச் சொல்லாது. அந்தச் சரிவே சொல்லும். தெளிவாக ஓடும் ஊற்று திடீரென்று செம்மண் கலந்து வரும், அல்லது மழை கொட்டும்போதே நின்றுபோகும். நேற்றுவரை சரியாகச் சாத்திய கதவு இன்று நிலையில் இடிக்கும். மின்கம்பம் ஒரு பக்கம் சாயும். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் தெரியும். இதையெல்லாம் இரவு இரண்டு மணிக்குப் பார்க்கும் பெண் என்ன செய்ய வேண்டும்? சிக்னல் இருந்தால் 1077-ஐ அழைக்கலாம். சிக்னல் இல்லையென்றால்?

அவர் தன் பொறுப்பிலேயே ஊரை எழுப்பி, பள்ளிக்கூடத்தின் பூட்டைத் திறந்து, எல்லாரையும் அங்கே கொண்டுபோக எழுத்துப்பூர்வமான அதிகாரம் கொடுங்கள். முகாமின் ஒரு சாவி ஊர்க்குழுவிடம் இருக்கட்டும். மழைமானி ஒன்று கொடுங்கள், இவ்வளவு பெய்தால் கேள்வி கேட்காமல் வெளியேறலாம் என்று ஓர் அளவை அந்தந்த இடத்துக்கு நிபுணர்களைக் கொண்டு குறித்துக் கொடுங்கள். ஒரு வாக்கி டாக்கியும் அதற்கு சார்ஜ் ஏற்றச் சூரிய ஒளித் தகடும் கொடுங்கள். காலையில் ஒன்றுமே நடக்காமல் எல்லாரும் வீடு திரும்பினால், வீணாகப் பதறடித்தாய் என்று யாரும் அந்தப் பெண்ணைக் கேட்கக் கூடாது. அந்த உறுதி உங்கள் கையெழுத்தோடு வர வேண்டும். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மக்களுக்குப் பயிற்சி கொடுப்பதையும் எச்சரிக்கை ஏற்பாடு செய்வதையும் மாவட்ட ஆணையத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. அதனால் மேலிடத்து அனுமதிக்குக் காத்திருக்காமல் நீங்களே தொடங்க இடம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அடுத்தது பணம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் பேரிடர் கால நண்பர்கள் திட்டத்தில் தேர்வானவர்களுக்கு 12 நாள் பயிற்சியும், மீட்புக் கருவிகள் அடங்கிய பையும், 3 ஆண்டுகளுக்குக் காப்பீடும் கொடுத்தார்கள். அருமையான திட்டம். அந்த 3 ஆண்டு முடிந்தவர்கள் கதி என்ன? காப்பீடு இல்லாமல் ஒரு தினக்கூலியைச் சரிவில் இறங்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஜப்பானில் ஊருக்கு ஊர் தன்னார்வத் தீயணைப்புக் குழு இருக்கிறது. கடைக்காரர், விவசாயி, அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் என்று நாடு முழுக்க 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். சட்டம் அவர்களைப் பகுதிநேர உள்ளாட்சிப் பணியாளர்களாகவே மதிக்கிறது. ஆண்டுக்கு ஒரு தொகை, அழைப்பு வந்து வேலைக்குப் போனால் அதற்குப் படி, காயம்பட்டால் இழப்பீடு. நம் ஊர்க்குழு உறுப்பினர்களுக்கு மாவட்ட நிர்வாகமே குழுக் காப்பீடு எடுக்கலாம். பயிற்சி நாளுக்கும் மீட்பு நாளுக்கும் ஒரு நாள் கூலி கொடுக்கலாம். தேயிலை பறிக்கப் போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாத வீடுகள் இவை, சேவை என்று சொல்லி இலவசமாக வாங்கக் கூடாது. எஸ்டேட் நிர்வாகங்களையும் பேச்சுக்குக் கூப்பிடுங்கள். தங்கள் தொழிலாளி ஊர்க்குழு வேலைக்குப் போனால் சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

283 இடத்திலும் ஒரே ஆண்டில் செய்ய முடியாது என்று தெரியும். வருகிற வடகிழக்குப் பருவமழைக்கு முன் குன்னூர், கோத்தகிரி வட்டங்களில் இருபது இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். குழுவை ஊர்க்கூட்டத்தில் வைத்து, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் தேர்ந்தெடுங்கள். பயிற்சி முடிந்த பிறகு ஒத்திகை வைக்கும்போது, மைதானத்தில் பகல் பதினொரு மணிக்குப் போட்டோகிராபரோடு வேண்டாம். சொல்லாமல் ஓர் இரவு, மின்சாரத்தை நிறுத்திவிட்டு வையுங்கள். எத்தனை நிமிடத்தில் கடைசி வீட்டுப் பாட்டி முகாமுக்கு வந்து சேர்கிறார் என்று உங்கள் அலுவலர் ஒருவர் அங்கே நின்று குறிக்கட்டும். எங்கள் ஊரை முதல் இருபதில் சேர்த்துக்கொள்ளச் சம்மதம் என்று ஊரில் பேசியிருக்கிறோம். எப்போது வருகிறீர்கள் என்று தெரிவித்தால் கூட்டத்தைக் கூட்டிவிடுகிறோம்.

இப்படிக்கு,
குன்னூர் வட்டத்துச் சிறு தேயிலை விவசாயி