சித்தப்பா, பாட்டை நிறுத்த வேண்டாம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இஸ்திரி போடும்போது நீங்கள் பாப் பாட்டு கேட்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அறைக் கதவு திறந்தால் போதும், சட்டென்று அதை மாற்றிவிட்டுக் கனமான சிம்பொனி ஒன்றை ஓடவிடுவீர்கள். தோள் மட்டும் பழைய பாட்டின் தாளத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். வந்தவர் அதைத்தான் முதலில் பார்ப்பார். கேட்டால், "சும்மா, கைவேலைக்குத் துணையாகப் போட்டேன்" என்கிறீர்கள், ஏதோ மன்னிப்புக் கேட்கிற குரலில். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. கைவேலைக்குத் துணையாக இருப்பது ஒரு பாட்டுக்கு எப்படிக் குறைவாகும்?

அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகம் போய்வரும் பெண்களைப் பற்றிய ‘9 டு 5’ பாட்டை அவர் 1980இல் ஒரு படத்துக்காக எழுதினார். படப்பிடிப்பில் இருந்தபோது தன் நீளமான செயற்கை நகங்களை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்திருக்கிறார். தட்டச்சுப் பொறி ஓடுகிற மாதிரியே சத்தம் வந்தது. அந்தத் தாளத்தில்தான் பாட்டு பிறந்தது. ஒலிப்பதிவிலும் அந்த நகச் சத்தம் இருக்கிறது. தினமும் ஒரே மேசையில் ஒரே வேலையைச் செய்கிறவளின் களைப்பைப் பாட, அதைவிடப் பொருத்தமான வாத்தியம் எந்தக் கச்சேரி மேடையில் கிடைக்கும்?

‘யெஸ்டர்டே’ உங்களுக்கு உயிர் என்று தெரியும். அதைப் போடும்போது மட்டும் கதவு திறந்தாலும் நிறுத்த மாட்டீர்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னிக்கு அதன் மெட்டு தூக்கத்தில் வந்தது. வரிகள் வரவில்லை. மெட்டு மறந்துவிடக் கூடாதே என்று ‘ஸ்கிராம்பிள்டு எக்ஸ்’ என்று பாடி வைத்துக்கொண்டார். அதாவது, முட்டைப் பொரியல். 1965இல் சரியான வரிகள் அமையும்வரை உலகத்தின் மிகச் சோகமான மெட்டுகளில் ஒன்று காலைச் சாப்பாட்டைத்தான் சுமந்துகொண்டிருந்தது. இது தெரிந்த பிறகும் அந்தப் பாட்டு எனக்குத் தொண்டையை அடைக்கிறது. முன்பைவிட அதிகமாகவே அடைக்கிறது.

மூன்று நிமிடத்தில் என்ன பெரிதாகச் சொல்லிவிட முடியும் என்று ஒரு முறை கேட்டீர்கள். அந்த மூன்று நிமிடம் வந்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய 10 அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் பிடிக்கும். அதற்குள் ஒரு காதல் தொடங்கி, முறிந்து, மறுபடி சேர வேண்டும். 1949இல் 45 சுற்றுச் சிறு தட்டு வந்தது. நீளம் பெரிதாக மாறவில்லை, பழகிவிட்டது. உங்கள் கணக்குக்கும் அது ஒத்துப்போகிறது: ஒரு பாட்டுக்கு ஒரு சட்டை. 1968இல் வந்த ‘ஹே ஜூட்’ ஏழு நிமிடத்துக்கு மேல் போகும். அதில் பாதிக்கும் மேல் ‘நா நா நா’ என்பதுதான். முழுக்கைச் சட்டை இரண்டை அதிலேயே முடித்துவிடலாம். வரி தெரியாதவர்களும் கூடவே பாடலாம்.

ஒன்று மட்டும் எனக்கும் வருத்தம்தான். 1986 முதல் 2015 வரை முன்னணியில் இருந்த பாட்டுகளை ஒருவர் ஆராய்ந்தார். குரல் வருவதற்கு முன் ஓடும் இசை 20 வினாடிக்கு மேல் இருந்தது, 5 வினாடியாகச் சுருங்கியிருக்கிறது. கேட்பவர் அடுத்த பாட்டுக்குத் தாவுவதற்குள் பிடித்து நிறுத்த வேண்டிய அவசரம். பாத்திரம் கழுவும் கை ஈரத்தைத் துடைத்து ஒலியைக் கூட்டுவதற்குள் பல்லவியே வந்துவிடுகிறது. அந்த 20 வினாடிகள் திரும்பி வர வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். பீ ஜீஸ் குழு 1977இல் ‘ஸ்டேயின் அலைவ்’ பாட்டைப் பதிவுசெய்தபோது, அவர்களின் டிரம்ஸ் கலைஞர் குடும்பத் துக்கத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். ஏற்கெனவே பதிவாகியிருந்த தங்கள் பாட்டு ஒன்றிலிருந்து அவர் வாசித்த சிறு துண்டை எடுத்தார்கள். அந்த டேப்பை வளையமாக ஒட்டி, திரும்பத் திரும்பச் சுற்றவிட்டார்கள். தட்டின் மேல் ‘பெர்னார்ட் லூப்’ என்று இல்லாத ஒரு வாத்தியக்காரரின் பெயரையும் போட்டார்கள். நிமிடத்துக்குச் சுமார் 103 தாள அடி, இம்மி பிசகாமல். இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும் என்பது மருத்துவ விதி. அதனால் முதலுதவி வகுப்புகளில் இந்தப் பாட்டை மனதுக்குள் ஓடவிட்டு அழுத்தக் கற்றுத்தருகிறார்கள். பதற்றத்தில் எண்ணிக்கை தவறும், பாட்டு தவறாது. ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று பாடுகிற ஒரு டிஸ்கோ பாட்டு! சித்தப்பா, நீங்கள் அதற்கு இடுப்பை ஆட்டுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நினைக்கிறீர்கள். எல்லாரும் பார்க்கட்டும், கற்றுக்கொள்ளட்டும்.

வரியைத் தப்பாகப் பாடிவிடுவோமோ என்ற கூச்சமும் உங்களுக்கு இருப்பதாகச் சித்தி சொன்னார். 1969இல் வந்த ‘பேட் மூன் ரைஸிங்’ பாட்டில் ‘பேட் மூன் ஆன் தி ரைஸ்’, அதாவது கெட்ட நிலா எழும்புகிறது என்று ஒரு வரி. ‘பாத்ரூம் ஆன் தி ரைட்’, வலப்பக்கம் குளியலறை இருக்கிறது என்றே பலர் காதில் அது விழுந்தது. எழுதிப் பாடிய ஜான் ஃபோகர்ட்டி கோபித்துக்கொள்ளவில்லை. மேடையில் அவரே சில சமயம் குளியலறைக்கு வழி காட்டிப் பாடுவார்.

ஒரே பாட்டு மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்து தொல்லை தந்தால் சூயிங் கம் மெல்லுங்கள். 2015இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்து, அது ஓரளவு பலன் தருகிறது என்று கண்டிருக்கிறார்கள்.

போன வாரம் நீல நிறச் சட்டைக்கு ஓடியதே ஒரு பாட்டு, பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு இரண்டு கையாலும் மேசையில் தட்டினீர்களே, அதன் பெயரை எனக்கு அனுப்புங்கள். நானும் சித்தியும் கதவுக்கு வெளியே நின்று கேட்டோம். இரண்டாவது சரணம் தொடங்குமுன் யாரோ வந்துவிட்டார்கள், நீங்கள் மாற்றிவிட்டீர்கள். முழுசாகக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்