குறைவாக ஓடிய காருக்குக் கூடுதல் விலை கேட்பவர்களுக்கு

பழைய சொகுசு கார்களை வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு,

வணக்கம்.

கார் வந்து 20 வருடம் ஆகிறது. மீட்டரில் 30,000 கிலோமீட்டர்தான். அந்த எண்ணை விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, நன்றாக ஓடிய அதே மாடலைவிடப் பல மடங்கு விலை சொல்கிறீர்கள். குறைவாக ஓடிய வண்டிக்குக் கொஞ்சம் கூடக் கேட்பது நியாயம்தான். ஆனால் ஓடாத கிலோமீட்டருக்குக் காசு கேட்கிற நீங்கள், ஓடிப்போன வருடங்களுக்குத் துளியும் கழிப்பதில்லையே. என் புகார் அதுதான்.

20 வருடத்துக்கு 30,000 என்றால் வருடத்துக்கு 1,500 கிலோமீட்டர். அதை எப்படி ஓட்டினார்கள் என்று உங்களில் யாரும் சொல்வதில்லை. பக்கத்துத் தெருவுக்குப் போய்த் திரும்பியே அந்தக் கணக்கு ஏறியிருந்தால், எஞ்சின் ஒருமுறைகூட முழுதாகச் சூடேறியிருக்காது. ஈரம் ஆவியாக வழியில்லாமல் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கியிருக்கும். மாதக்கணக்கில் நின்றிருந்தால் பேட்டரி இறங்கி, பெட்ரோல் கெட்டு, பிரேக் டிஸ்க்கில் துரு ஏறியிருக்கும். ஏசியைப் போடாமலே வைத்திருந்தால் கம்ப்ரசர் சீல் காய்ந்து கேஸ் கசியும். வயரைக் கடித்துவைக்கும் எலிகளுக்கும் நின்ற கார்தான் பிடிக்கும்.

"டயர் புதுசு மாதிரி இருக்கு பாருங்க, பட்டன் தேயவே இல்லை" என்பீர்கள். குனிந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் 2309 என்றால், அது 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். எவ்வளவு பட்டன் இருந்தாலும் 10 வருடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. அதாவது நீங்கள் புதுசு என்று காட்டும் நான்கையும் கழற்றி எறிந்துவிட்டுத்தான் நான் நெடுஞ்சாலையில் ஏற முடியும்.

மற்றவற்றுக்கும் இதே கதைதான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்; ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். எஞ்சின் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் வரம்போடு வருட வரம்பும் உண்டு. எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். நம்பகத்தன்மைக்குப் பெயர்போன, 1989-இல் வந்த லெக்சஸ் எல்எஸ் 400-கூட பெல்ட் வைத்த வண்டிதான். 1990-களின் முற்பாதியில் வந்த பல மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் எஞ்சின் வயரிங்கின் மேலுறை வெப்பத்தில் பொரிந்து உதிர்ந்துபோனது, பழைய கார் பிரியர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

ஏர் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பைகள் காரைத் தாங்கும் அமைப்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் வாங்குபவர் கண்ணுக்குப் படாமல் போவது இதுதான். ரப்பர் பையில் வயதால் விரிசல் விழுந்தால் இரவு முழுக்கக் காற்று மெல்ல இறங்கும். காலையில் பார்த்தால் கார் ஒரு மூலையில் சரிந்து, சக்கர வளைவு டயர்மேல் உட்கார்ந்திருக்கும். ஸ்டார்ட் செய்ததும் பைகளுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஊதித் தூக்கிவிடும். மதியம் பார்க்க வருகிறவருக்குக் கார் நிமிர்ந்து நிற்கும். கசிகிற பைக்கு ஓயாமல் ஊதி ஊதி அடுத்து அந்தக் கம்ப்ரசரே போகும். அந்தச் செலவு என் தலையில்.

இதையெல்லாம் சொன்னால், "யானை வாங்குறவங்க அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா?" என்று சிரிப்பீர்கள். இந்த யானையின் அங்குசத்துக்கு இன்றைக்கும் யானை விலைதான் ஐயா. கார் விலை வருடாவருடம் இறங்கியது. உதிரிபாக விலை அதோடு சேர்ந்து இறங்கவில்லை.

மீட்டரைத் திருப்பி வைக்கிறவர்களுக்கு இந்த மடலில் இடமில்லை, அது மோசடி. ஒன்று மட்டும்: 30,000 ஓடிய காரில் பிரேக் பெடல் ரப்பர் மழுங்கி, டிரைவர் சீட்டின் ஓரம் நசுங்கி, ஸ்டியரிங் தோல் பளபளத்தால், எங்களுக்கும் கண் இருக்கிறது.

நேர்மையாக விற்பவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். மொத்தக் கிலோமீட்டரை மட்டும் போடாமல், சர்வீஸ் ரசீதுகளில் உள்ளபடி வருடவாரியாக மீட்டர் கணக்கைப் போடுங்கள். டயர் தேதியையும், பெல்ட்டும் பிரேக் ஆயிலும் கடைசியாக மாற்றிய தேதிகளையும் சேர்த்து எழுதுங்கள். நாங்கள் அழைத்துவரும் மெக்கானிக் காரை லிஃப்டில் ஏற்றிப் பார்க்க மறுக்காதீர்கள். பார்க்க வருகிறோம் என்று போன் செய்தால் எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்காதீர்கள்: ஆறிக்கிடக்கும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முதல் சில நொடிகளில்தான் (பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ள எஞ்சினில்) தேய்ந்த செயினின் சத்தமும், ஆயில் எரிவதைக் காட்டும் நீலப் புகையும் வெளிப்படும்.

வயதுக்காக மாற்ற வேண்டியதை மாற்றிவிட்டு, ரசீதோடு கூடுதல் விலை சொல்லுங்கள். பேரம் பேசாமல் தருகிறேன். மாற்றவில்லையா? பட்டியல் போட்டு, அந்தச் செலவைக் கழித்துவிட்டு விலை சொல்லுங்கள். அப்படியும் வாங்கத் தயார்.

இப்படிக்கு,
பழைய கார் தேடிக்கொண்டிருக்கும் ஒருவன்