ஏலத்துக்கு விடும் கணினிகளைப் பூட்டைத் திறந்துவிட்டு விற்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அலுவலகங்கள் கழிக்கும் பழைய கணினிகள் ஏலத்தில் மலிவாகக் கிடைக்கின்றன, மாணவர்களும் சிறு தொழில் செய்பவர்களும் தாராளமாக வாங்கலாம் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் பெட்டிகளை ஏலத்தில் எடுத்து, பிரித்துத் துடைத்து, சரிசெய்து விற்கும் வேலையில் ரொம்ப காலமாக இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கட்டுரை முழுக்க வேகத்தையும் விலையையும் பற்றியே பேசியது. ஏலத்தில் எடுத்த கணினி கடைசியில் உதவுமா உதவாதா என்பது பல நேரங்களில் வேறு ஒரு விஷயத்தில் மாட்டிக்கொண்டிருக்கும்: பழைய சொந்தக்காரர் அதை உண்மையிலேயே விட்டுக்கொடுத்துவிட்டாரா, அதாவது தான் போட்டுவைத்த பாஸ்வேர்டு, பதிவு போன்ற பூட்டுகளை நீக்கிவிட்டாரா?

முதலில், இவ்வளவு கணினிகள் ஏன் இப்போது ஏலத்துக்கு வருகின்றன என்று பார்ப்போம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்துபோனது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும், இன்டெல் ப்ராசஸர் என்றால் சில விதிவிலக்குகள் தவிர 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். ஆக 6-ஆம், 7-ஆம் தலைமுறை மெஷின்கள் எல்லாம், நன்றாக ஓடிக்கொண்டிருப்பவை உட்பட, ஒரே நேரத்தில் வெளியே வந்து விழுகின்றன. டெல்லின் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்பியின் எலைட்டெஸ்க், லெனோவாவின் திங்க்சென்டர் இவையெல்லாம் வருடக்கணக்கில் நாள் முழுக்க ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. பல மாடல்களில் மூடியைத் திறக்க ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தயார் என்பவருக்கு 7-ஆம் தலைமுறை ஐ5-7500 இன்னும் அருமையான மெஷின். விண்டோஸ் 11-தான் வேண்டும் என்பவர் 8-ஆம் தலைமுறையிலிருந்து தொடங்கட்டும், அதிலும் ஒரு லாபம் இருக்கிறது: 7500-இல் 4 கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), அடுத்து வந்த 8500-இல் 6 கோர். நிபந்தனையைச் சுற்றிக்கொண்டு பழைய மெஷினில் விண்டோஸ் 11 ஏற்றும் வழிகள் இருக்கத்தான் செய்கின்றன, சொந்த மெஷினில் செய்தால் அது அவரவர் பாடு, ஆனால் அப்படி ஏற்றி இன்னொருவர் தலையில் கட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, ஏலப் பட்டியலுக்கு வருவோம். "ஐ7 டெஸ்க்டாப், 25 எண்ணம், உள்ளது உள்ளபடி" என்று ஒரு வரி இருக்கும், கூடவே அடுக்கி வைத்த பெட்டிகளின் முகப்பை எட்ட நின்று எடுத்த ஒரு போட்டோ. ஐ7 என்ற எழுத்தைப் பார்த்ததும் விலையை ஏற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2011-இல் வந்த ஐ7-2600-ஐயும் 2017-இல் வந்த ஐ3-8100-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அந்த ஐ3-தான் குறைந்த மின்சாரத்தில் வேகமாக ஓடும், விண்டோஸ் 11-உம் ஏற்றுக்கொள்ளும். கோட்டுக்குப் பின்னால் வரும் எண்தான் தலைமுறையைச் சொல்கிறது: 2600 என்றால் 2-ஆம் தலைமுறை, 8100 என்றால் 8-ஆம் தலைமுறை. அந்த எண்ணை எழுதாத பட்டியலை நம்பி விலை சொல்லக் கூடாது. டெல் என்றால் பெட்டியில் ஒட்டியிருக்கும் 7 எழுத்து சர்வீஸ் டேகைக் கேட்டு வாங்கி அவர்கள் இணையதளத்தில் போட்டால், அந்த மெஷின் எப்போது கிளம்பியது, என்னென்ன பாகங்களோடு கிளம்பியது என்று தெரிந்துவிடும். மற்ற இரண்டு நிறுவனங்களுக்கும் சீரியல் எண்ணை வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் அது கிளம்பியபோது இருந்த நிலை. இடையில் எத்தனையோ கை மாறியிருக்கும். தகவல் வெளியே போய்விடக் கூடாது என்று ஹார்ட் டிஸ்கைக் கழற்றுவது நியாயம், கூடவே அதைத் தாங்கும் பிளாஸ்டிக் தட்டையும் அதற்கென்றே இருக்கும் ஸ்க்ரூவையும் எடுத்துவிடுவதுதான் கொடுமை, ஏனென்றால் தட்டு மாடலுக்கு மாடல் மாறும், தனியாகத் தேடிப் பிடிக்க வேண்டும். சின்னப் புத்தக அளவில் வரும் மைக்ரோ, டைனி வகைகளுக்கு மின்சாரம் வெளியில் இருக்கும் அடாப்டரிலிருந்து வருகிறது. லாட்டில், அதாவது ஒன்றாக ஏலம் விடும் தொகுப்பில், மெஷின் மட்டும் இருந்து அடாப்டர் இல்லையென்றால் அந்தச் செலவு முழுக்க வாங்குபவர் தலையில். எஸ்எஃப்எஃப் என்ற ஒல்லியான சின்னப் பெட்டி வகையில் பவர் சப்ளை அந்த நிறுவனத்தின் சொந்த அளவு, கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளை உள்ளே நுழையாது, கிராபிக்ஸ் கார்டும் பாதி உயரம் உள்ளதுதான் போகும். இதையெல்லாம் ஒரு மாதிரி கணக்குப் போட்டுச் சமாளித்துவிடலாம். பாகம் இல்லை என்றால் பாகம் வாங்கலாம். பூட்டுக்கு அப்படி இல்லை.

பூட்டு என்று நான் சொல்வது பல வகை. எல்லோருக்கும் தெரிந்தது பயாஸ் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் போட்டால் போய்விடும் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். வீட்டுக்கு அசெம்பிள் செய்யும் கணினியில் அது சரி. அலுவலக மாடல்களில் பாஸ்வேர்டு மின்சாரம் போனாலும் அழியாத சிப்பில் உட்கார்ந்திருக்கும், பேட்டரியைக் கழற்றினால் கடிகாரம்தான் பின்னால் போகும். பல ஆப்டிபிளெக்ஸ் போர்டுகளில் பாஸ்வேர்டுக்கென்று ஒரு சின்ன ஜம்பர் (இரண்டு ஊசிகளை இணைக்கும் தொப்பி) இருக்கிறது, கையேட்டைப் பார்த்து அதைக் கழற்றி ஒருமுறை ஆன் செய்தால் வேலை முடிந்தது. அந்த வசதி இல்லாத மாடல்களில் கடைசி வழி போர்டையே மாற்றுவது, அதோடு அந்தப் பழைய போர்டின் பயாஸில் பதிந்திருந்த விண்டோஸ் லைசென்ஸும் போய்விடும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து பிராண்டட் மெஷின்களில் லைசென்ஸ் சாவி போர்டிலேயே இருக்கிறது, திரும்ப ஏற்றினால் தானாக எடுத்துக்கொள்ளும். பழைய அலுவலகக் கணினி வாங்குவதில் உள்ள பெரிய லாபமே அதுதான்.

அடுத்தது ஆட்டோபைலட், நிறுவனக் கணினிகளைத் தானாக அமைத்துத் தரும் மைக்ரோசாஃப்ட் சேவை. இது பலருக்குத் தெரியாது, வீட்டுக்குக் கொண்டுபோய் இன்டர்நெட் இணைக்கும்வரை தெரியவும் வராது. நிறுவனம் தன் கணினிகளின் ஹார்ட்வேர் அடையாளத்தை மைக்ரோசாஃப்டில் பதிந்து வைத்திருக்கும். புது எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) போட்டு, புது விண்டோஸ் ஏற்றி, வைஃபை பாஸ்வேர்டு கொடுத்த அடுத்த நிமிடம், திரையில் யாரோ ஒரு நிறுவனத்தின் பெயர் வந்து வரவேற்று, அந்த அலுவலக மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் கேட்கும். டிஸ்கை மாற்றிப் பயனில்லை, அடையாளம் மெஷினோடு ஒட்டியது. இன்டர்நெட் இல்லாமல் நிறுவினால் தப்பிக்கலாம், ஆனால் என்றைக்காவது ரீசெட் செய்தால் அதே திரை திரும்ப வந்து நிற்கும். பதிவை நீக்கும் அதிகாரம் பதிந்தவரிடம் இருக்கிறது. பில்லோடு முறையாக வாங்கியவர் திருட்டுப் பொருள் வைத்திருப்பவர் மாதிரி அந்தத் திரைக்கு முன்னால் முழிக்க வேண்டியிருக்கிறது பாருங்கள், அது எரிச்சலான விஷயம். வீட்டை விற்றுப் பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டு போவது போலத்தான் இது.

திருட்டுப் போனால் கண்டுபிடிப்பதற்காக பயாஸிலேயே உட்கார்ந்திருக்கும் அப்சொல்யூட் மென்பொருளும் (பழைய ஆட்கள் கம்ப்யூட்ரேஸ் என்பார்கள்) அதே ரகம். நிறுவனம் அதை இயக்கிவிட்டு மறந்திருந்தால், விண்டோஸை எத்தனை முறை அழித்து ஏற்றினாலும் அது தன்னைத் தானே திரும்ப நிறுவிக்கொள்ளும். இன்டெல் வீ-ப்ரோ (vPro) ஸ்டிக்கர் உள்ள மெஷின்களில் தூரத்திலிருந்து இயக்கும் இன்டெல்லின் ஏஎம்டி வசதி பழைய பாஸ்வேர்டோடு அப்படியே கிடப்பதும் உண்டு. அதையும் திறந்து பார்த்துப் பழைய அமைப்பை நீக்க வேண்டும்.

கனமான வேலைக்கென்று செய்யப்பட்ட வொர்க்ஸ்டேஷன் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. டெல் பிரிசிஷன், ஹெச்பி இசட் வரிசை, லெனோவா திங்க்ஸ்டேஷன் இவற்றின் உள்கட்டமைப்பைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும், எனக்கும் இவைமேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. ஆனால் பூட்டு இல்லையென்றாலும் இவற்றில் மூடிய கேபினட்டின் போட்டோவைப் பார்த்து ஏலம் கேட்கவே கூடாது. இவற்றில் பலவற்றில் இருக்கும் இன்டெல் ஜியான் ஈ5 வகை ப்ராசஸரில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, யாராவது கார்டைக் கழற்றியிருந்தால் திரையில் எதுவுமே வராது, மெஷின் செத்துவிட்டதா உயிரோடு இருக்கிறதா என்றுகூட அங்கேயே சோதிக்க முடியாது. இரண்டு ப்ராசஸர் போடும் போர்டில் ஒன்று காணாமல் போயிருந்தால் ராம் ஸ்லாட்டில் ஒரு பங்கு வேலை செய்யாது. ஹெச்பி இசட்640-இல் இரண்டாவது ப்ராசஸரும் அதற்கான ராமும் தனிப் பலகையில் வருகின்றன, பலகையே இல்லையென்றால் அது ஒற்றை ப்ராசஸர் மெஷின்தான். உள்ளே நிறைய ராம் இருக்கிறதே, கழற்றி மற்ற டெஸ்க்டாப்களில் போட்டுவிடலாம் என்று கணக்குப் போடுபவர்களுக்கு: அது சர்வர், வொர்க்ஸ்டேஷன்களுக்கான ரெஜிஸ்டர்டு வகையாக இருந்தால் சாதாரண டெஸ்க்டாப் போர்டு ஏற்காது. புதிய வகையில் இன்னொரு சங்கதி, திங்க்ஸ்டேஷன் பி620-இல் வரும் ஏஎம்டி நிறுவனத்தின் (மேலே சொன்ன இன்டெல் வசதி வேறு) த்ரெட்ரிப்பர் ப்ரோ ப்ராசஸர் லெனோவா போர்டோடு பூட்டப்பட்டது, கழற்றி வேறு நிறுவனத்தின் போர்டில் போட முடியாது. 3டி ரெண்டரிங், ஒரே மெஷினுக்குள் மென்பொருளால் பல கணினிகளை (விர்ச்சுவல் மெஷின்) ஓட்டுவது என்று கோர் நிறையத் தேவைப்படும் வேலை இருந்தால் எடுங்கள். பில் போடவும் மெயில் பார்க்கவும் என்றால் 2014, 2016 காலத்து இரட்டை ஜியான் வேண்டவே வேண்டாம், சும்மா இருக்கும்போதே மின்சாரத்தைக் குடிக்கும், அறையும் சூடாகும்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். கழிக்கும் அலுவலகங்களுக்கு இந்தப் பூட்டுகளைத் திறப்பது பெரிய வேலையே இல்லை. கணினிகள் இன்னும் நெட்வொர்க்கில் இருக்கும்போது, டெல்லும் ஹெச்பியும் இலவசமாகத் தரும் நிர்வாகக் கருவியை வைத்து நூறு மெஷினின் பயாஸ் பாஸ்வேர்டையும் ஒரே உட்காரலில் நீக்கிவிடலாம். ஆட்டோபைலட் பதிவை நீக்குவது நிர்வாகியின் திரையில் சில கிளிக். வயரைப் பிடுங்கி, அடுக்கிக் கட்டி, லாரியில் ஏற்றிய பிறகுதான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் வேலையாக அது மாறுகிறது, அந்த வேலையைச் செய்ய அப்போது யாரும் தயாராக இல்லை. டிஸ்க் விஷயத்திலும் இதேதான். எல்லாவற்றையும் துளைபோட்டு நொறுக்குவதும் இல்லையென்றால் அப்படியே தகவலோடு அனுப்பிவிடுவதும் என்று இரண்டு எல்லைகளில் நிற்கிறார்கள். தகவலை எப்படி அழிப்பது என்பதற்கு அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி வெளியிட்ட 800-88 என்ற வழிகாட்டி 2006 முதல் இருக்கிறது. எஸ்எஸ்டி என்றால் பழைய தகவலின் மேல் வேறு எதையாவது எழுதி அழிப்பதை நம்பாமல் டிரைவிலேயே இருக்கும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தால் டிஸ்கும் பிழைக்கும், தகவலும் போய்விடும்.

இதில் நஷ்டம் விற்பவருக்கும்தான் என்பதை ஏல நிறுவனங்கள் ஏன் யோசிப்பதில்லை என்று எனக்குப் புரியவில்லை. எங்களைப் போன்றவர்கள் ஏலத்தில் சொல்லும் விலையில் ஏல நிறுவனத்தின் கமிஷன், வரி, வண்டி வாடகை, செத்துப்போன மெஷின்கள் எல்லாம் கழிந்துதான் வருகிறது. அதற்கு மேல் பூட்டு இருக்குமோ என்ற பயத்துக்கும் ஒரு தொகையைக் கழிக்கிறோம், அதுவும் சின்னத் தொகை இல்லை. ப்ராசஸரின் முழு எண், ராம், டிஸ்க்கும் தட்டும் உண்டா, அடாப்டர் உண்டா, பயாஸ் பாஸ்வேர்டு நீக்கப்பட்டதா, ஆட்டோபைலட் பதிவு நீக்கப்பட்டதா என்று பட்டியலில் ஆறு கட்டம் சேர்த்தால் போதும், அதே லாட்டுக்கு நானே கூடுதலாகக் கேட்பேன்.

அதுவரை வாங்க நினைக்கும் வாசகர்கள் இந்த ஆறையும் ஏலத்துக்கு முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் சொல்வதை நம்பாதீர்கள். சீரியல் எண்கள் எல்லாம் பில்லில் வர வேண்டும் என்று வற்புறுத்துங்கள், பிறகு பழைய நிறுவனத்திடம் பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்க அது ஒன்றுதான் கையில் இருக்கும் ஆதாரம். பதிலே வரவில்லையென்றால் பூட்டு இருப்பதாகவே வைத்துக்கொண்டு, உதிரி பாகத்துக்கு என்ன விலையோ அதற்கு மேல் ஒரு பைசா ஏற்றாதீர்கள்.

இப்படிக்கு,
பழைய கணினி வாங்கி விற்கும் ஒரு வாசகர்