குப்பையைப் பிரிப்பது வீட்டிலேயே நடக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நகரத் தூய்மை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் தொட்டி நிரம்பி வழிகிறது, வண்டி வரவில்லை, ஆட்கள் போதவில்லை என்ற புகார்களே முதலில் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை நியாயமானவை; உள்ளாட்சி நிர்வாகங்கள் அவற்றுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆயினும், குடியிருப்போரைத் தவிர வேறு எவராலும் ஒழுங்காகச் செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டிலேயே தனித்தனியாகப் பிரித்து வைப்பதுதான் அது.

சமையலறைக் கழிவும் காகிதமும் பிளாஸ்டிக் உறைகளும் ஒரே பையில் விழுந்த சில மணி நேரத்திலேயே எல்லாம் கெட்டுவிடுகின்றன. ஈரம் ஊறிய காகிதத்தையும் அட்டையையும் மறுசுழற்சிக்கு எடுப்பவர்கள் விரும்புவதில்லை. கண்ணாடித் துண்டும் நெகிழியும் கலந்த காய்கறிக் கழிவிலிருந்து நல்ல உரம் கிடைப்பதில்லை. பிரித்திருந்தால் பயன்பட்டிருக்கக்கூடிய இரண்டும், கலந்த காரணத்தாலேயே குப்பைக் கிடங்குக்குப் போகின்றன. பிறகு எத்தனை இயந்திரங்களை வைத்துப் பிரித்தாலும் வீட்டில் பிரித்த தரம் வருவதில்லை.

உலக வங்கி 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலக நகரங்களில் 2016-ஆம் ஆண்டில் மட்டும் 201 கோடி டன் திடக்கழிவு உருவானது. இதே போக்கு நீடித்தால் 2050-இல் அது 340 கோடி டன்னாக உயரும் என்றும் அந்த அறிக்கை மதிப்பிட்டது. 2016-இல் உருவான கழிவில் 44 விழுக்காடு உணவுக் கழிவும் தோட்டக் கழிவும் ஆகும். அதாவது, கிடங்குக்கே போகத் தேவையில்லாத, மண்ணுக்கு உரமாகத் திரும்பக்கூடிய பொருள் மொத்தக் குப்பையில் பாதியை நெருங்குகிறது. அதைக் காற்றுப் புகாத குவியலுக்குள் புதைத்துவிட்டால், அழுகி மீத்தேன் வாயுவை வெளியிடுகிறது. 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 80 மடங்கு புவியைச் சூடாக்கும் இந்த வாயு, கிடங்குகளில் தீப்பிடிப்பதற்கும் ஒரு காரணம். குவியலின் அடியிலிருந்து கசியும் கழிவுநீரோ நிலத்தடி நீரைக் கெடுக்கிறது.

வீட்டிலோ குடியிருப்பின் பொது இடத்திலோ உரம் தயாரிக்கலாம் என்று சொன்னால், நாற்றம் வருமே என்ற அச்சம்தான் முதலில் எழுகிறது. ஈரம் மிகுந்து காற்றோட்டம் குறையும்போதுதான் நாற்றம் வரும். துளையிட்ட தொட்டியில் ஒவ்வொரு முறையும் கழிவின் மேல் காய்ந்த சருகைப் பரப்பி, அவ்வப்போது கிளறிவிட்டால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இராது. சில மாதங்களில் செடிகளுக்குப் போடத் தகுந்த உரமும் கிடைக்கும். தெருவோரத்தில் கூட்டிக் குவித்துக் கொளுத்தப்படும் சருகுக்கும் இதனால் ஒரு பயன் ஏற்படுகிறது. குப்பையைக் கொளுத்துவதை, அதிலும் பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் கொளுத்துவதை, எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. பிவிசி போன்ற பிளாஸ்டிக் வகைகள் எரியும்போது டையாக்சின் என்ற கொடிய நச்சு உருவாகிறது.

தூய்மைப் பணியாளர்களைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. உடைந்த கண்ணாடி, பழைய பிளேடு, ஊசி, பயன்படுத்திய நாப்கின், டயப்பர் ஆகியவற்றை மற்றக் குப்பையோடு சேர்த்துக் கட்டிப் போட்டால், அந்தப் பையைப் பிரித்துத் துழாவப்போவது ஒரு மனிதரின் கை. கூரானவற்றைக் கெட்டியான டப்பாவில் அடைத்தும், நாப்கினையும் டயப்பரையும் காகிதத்தில் சுற்றி அடையாளமிட்டும் தனியே கொடுப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தை நாம் மறுப்பது மிகவும் வேதனையளிக்கிறது.

ஜப்பானின் கமிகாட்சு என்ற சிற்றூர், குப்பையே இல்லாத ஊராக மாறுவதென 2003-இல் அறிவித்தது. அங்கே மக்கள் தாங்களே குப்பையைச் சேகரிப்பு மையத்துக்குக் கொண்டுவந்து நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கிறார்கள். பெருநகரத் தெருக்களிடம் அந்த அளவுக்கு எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஈரக் குப்பை, உலர் குப்பை, அபாயக் குப்பை என்ற மூன்று வகைகளே ஒரு நல்ல தொடக்கம்.

ஆனால், ஒரு வீடு மட்டும் பிரித்து, அடுத்த வீடு கலந்து கொடுத்தால், பிரித்தவர்களும் விரைவில் சலித்துவிடுவார்கள். ஆகவே, குடியிருப்போர் நலச் சங்கங்கள் இதைத் தெரு முழுவதற்குமான முடிவாக எடுத்து, புதிதாகக் குடிவருவோருக்கும் வாடகைக்கு இருப்போருக்கும் முதல் வாரத்திலேயே எடுத்துச் சொல்ல வேண்டும். அதோடு, பிரித்துக் கொடுத்த குப்பை ஒரே வண்டியில் மீண்டும் ஒன்றாகக் கொட்டப்படுகிறதா என்பதையும் கவனித்து, அப்படி நடந்தால் வார்டு உறுப்பினரிடமும் சுகாதார அலுவலரிடமும் எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும். தெரு முழுவதும் பிரித்துக் கொடுக்கும்போது, தனித்தனியே எடுத்துச் செல்லும் ஏற்பாட்டை வலியுறுத்திக் கேட்கும் உரிமையும் நமக்கு வலுப்படும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்