நீர்த்தேக்கப் பாதுகாப்புச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு மாதந்தோறும் கூடியது. உறுப்பினர் சேர்க்கையும் வரவு செலவும் பொருளாளரின் அறிக்கையில் இருக்கின்றன. நான் கரையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நம்முடையது சின்ன நீர்த்தேக்கம், இதற்கு இவ்வளவு கவலை எதற்கு என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த கெல்லி பார்ன்ஸ் மண் அணை சுமார் 12 மீட்டர் உயரம்தான். 1977 நவம்பர் 6 அன்று, விடியுமுன் அது உடைந்தபோது 39 பேர் இறந்தார்கள். நம் கரைக்குக் கீழேயும் வீடுகள் இருக்கின்றன.

மழைக்காலத்தில் தண்ணீர் நிறைமட்டத்தைத் தொட்ட வாரம், வெளிச்சரிவின் அடியில் ஓரிடத்தில் மட்டும் புல் அதிகப் பச்சையாக இருப்பதை உறுப்பினர் ஒருவர் பார்த்துச் சொன்னார். போய்க் காலை வைத்தால் தரை புதைந்தது. அன்று மாலையே அவசரமாகக் கூடினோம். களிமண்ணைக் கொட்டி அடைத்துவிடலாம் என்பதே பலருடைய எண்ணம். என் எண்ணமும் அதுதான். நாம் அழைத்திருந்த பொறியாளர் அதைத் தடுத்தார். மண் கரை எதுவானாலும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். வெளியே வரும் வாயை அடைத்தால் தண்ணீர் நிற்காது. கரைக்குள்ளேயே அழுத்தம் ஏறி, வேறு பலவீனமான இடத்தைத் தேடிக்கொள்ளும். தண்ணீர் போகட்டும், மண் போகக்கூடாது. அதற்காக ஈரமான இடத்தின் மேல் முதலில் மணலும், அதன்மேல் சரளைக்கல்லும் பரப்பி, வடியும் நீரை ஒரு குழாய் வழியாக வாய்க்காலில் விட்டோம். இரண்டே நாளில் வேலையை முடித்த உறுப்பினர்களுக்கு இந்தச் சபை நன்றி சொல்ல வேண்டும்.

அன்று முதல் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். அந்தக் குழாயடியில் வாளி நிறைய எத்தனை நொடி ஆகிறது, அன்றைய நீர்மட்டம் என்ன, மழை பெய்ததா, தண்ணீர் தெளிவா கலங்கலா என்று நான்கு விவரம் எழுத வேண்டும். நீர்மட்டம் ஏறினால் கசிவும் ஏறுவது இயல்பு. மட்டம் அப்படியே இருக்கும்போது வாளி சீக்கிரம் நிறைந்தால் அது எச்சரிக்கை. கலங்கலாக வந்தால் கரையின் மண்ணே கரைந்து வருகிறது என்று பொருள். அரிப்பு வெளிப்பக்கத்தில் தொடங்கி உள்நோக்கித் துளைத்துக்கொண்டே போகும். அமெரிக்காவின் டீட்டன் அணையில் 1976 ஜூன் 5 காலையில் கலங்கல் நீர் தென்பட்டது. நண்பகலுக்குள் அணை உடைந்துவிட்டது. நமக்கும் சில மணி நேரம்தான் கிடைக்கும். அதனால்தான் கோடையில் மூன்று வாரம் குறிப்பேட்டில் ஒன்றுமே எழுதப்படாதது என்னை மிகவும் வருத்தியது. யாரையும் குறை சொல்லவில்லை. முறை வைத்துப் பார்க்க ஆட்கள் போதவில்லை. இன்று இன்னும் சிலர் பெயர் கொடுக்க வேண்டுகிறேன்.

மிகுதித் தண்ணீர் வழிந்தோடும் கலிங்கில் கட்டியிருந்த மீன் வலையை எடுத்ததில் தூண்டில் போடும் உறுப்பினர்களுக்கு மனத்தாங்கல் உண்டு என்பது தெரியும். அவர்களுக்கு ஒரு பழைய நிகழ்ச்சியை எடுத்துச் சொன்னேன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் அணையும் நம்மைப் போன்ற ஒரு சங்கத்தின் கையில்தான் இருந்தது. மீன்கள் தப்பிவிடக்கூடாதென்று கலிங்கின் குறுக்கே தடுப்பு வைத்தார்கள். வண்டிகள் போக வசதியாகக் கரை முகட்டையும் தாழ்த்தினார்கள். 1889 மே 31 அன்று பெருமழையில் தண்ணீர் கரையேறி வழிந்து அணை உடைந்தது. ஜான்ஸ்டவுன் நகரிலும் வழியிலும் 2,209 பேர் இறந்தார்கள். நம் வலையில் சருகும் கிளையும் சிக்கி, கலிங்கின் பாதி அடைபட்டிருந்ததை எடுத்த அன்று எல்லோரும் பார்த்தோம். வலை திரும்பக் கட்டப்படாது. முகட்டில் வண்டித் தடத்தால் பள்ளமாகிப்போன இடத்தையும் மண்ணிட்டு, இறுக்கி, மட்டமாக்கிவிட்டோம். தண்ணீர் மேலேறினால் முதலில் வழிவது அந்தப் பள்ளத்தில்தான்.

எலி வளைகள் அடைக்கப்பட்டன. மரக்கன்றுகளை வேரோடு பிடுங்கினோம். பெரிய மரங்கள் இரண்டையும் வெட்டவில்லை. வெட்டினால் வேர் மக்கி, கரைக்குள் தண்ணீர் ஓட வழியாகிவிடும். பொறியாளர் முன்னிலையில்தான் அதைச் செய்ய வேண்டும்.

எனக்குத் தூக்கம் வராமல் செய்வது மதகுக் குழாய். கரையின் அடிவயிற்றில் போகும் அந்த இரும்புக் குழாயின் உட்புறத்தை நமக்குத் தெரிந்து யாரும் பார்த்ததில்லை. அது எங்காவது துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால், சுற்றியுள்ள மண் கொஞ்சம் கொஞ்சமாக அதனுள் இறங்கிக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அமெரிக்காவின் கொலராடோவில் 1903-இல் கட்டிய லான் லேக் அணை 1982 ஜூலை 15 அன்று உடைந்ததற்குக் குழாயும் வால்வும் சேரும் இணைப்பில் ஏற்பட்ட கசிவே காரணம் என்று ஆய்ந்தவர்கள் முடிவு செய்தார்கள். பொறுப்புள்ள அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினோம். இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்குக் கிடைத்தது 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரு வரி.

ஆகவே செயற்குழுவின் சார்பில் ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறேன். அடுத்த மழைக்கு முன் குழாய்க்குள் கேமரா செலுத்திப் பார்க்கச் சங்க நிதியிலிருந்து செலவிட அனுமதி வேண்டும். அதற்காக நீர்மட்டத்தைக் குறைக்கும்போது மதகை நாளுக்குக் கொஞ்சமாகத்தான் திறப்போம். சட்டென்று இறக்கினால், ஊறிப்போன உட்சரிவு தாங்கிநிற்க நீரில்லாமல் சரிந்துவிடும். கீழே குடியிருப்போருக்கு முன்கூட்டியே நேரில் போய்ச் சொல்லும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

செயலாளர்